இளம் வயதில் உடல் பருமனும் கணையத்தில் கொழுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயிற்று வலிக்கோ, மாதவிடாய்க் கோளாறுக்கோ எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ஃபேட்டி லிவர்’ என்ற வரிக்குக் கீழே கணையத்திலும் கொழுப்பு என்று இன்னொரு வரி இருப்பதைப் பல பெற்றோர் பார்த்திருப்பார்கள். கல்லீரலைப் பற்றிப் பேசவே நேரம் போய்விடுவதால், அந்த இரண்டாவது வரி பெரும்பாலும் விளக்கப்படாமலே வீட்டுக்கு வந்துவிடுகிறது. 10 முதல் 25 வயது வரை உள்ளவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

ரிப்போர்ட்டில் ‘பேங்க்ரியாஸ் எக்கோஜெனிக்’ என்று இருக்கிறது. இது நோயா?

இது ஸ்கேனில் தெரிந்த ஒரு தோற்றம். அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது. கொழுப்பு சேர்ந்த திசு ஒலி அலைகளை அதிகம் திருப்பி அனுப்பும், அதனால் திரையில் வெளுப்பாகத் தெரியும். கணையம் பக்கத்து உறுப்புகளைவிட வெளுப்பாக இருந்தால் அந்த வார்த்தையை எழுதுவார்கள். ‘ஃபேட்டி பேங்க்ரியாஸ்’, ‘கணையத்தில் கொழுப்புப் படிவு’ என்று எழுதியிருந்தாலும் பொருள் ஒன்றுதான். வலியோ வேறு தொந்தரவோ இதனால் நேரடியாக வருவது அரிது. ஆனால் உடல் பருமன் உள்ள பிள்ளைக்கு இப்படி ஒரு வரி வந்தால், கொழுப்பு தோலுக்கடியில் தங்க இடம் போதாமல் உள்ளுறுப்புகளுக்குள் போகத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மாத்திரை தேடி ஓட வேண்டாம், ரிப்போர்ட்டை மடித்து அலமாரியில் வைத்துவிடவும் வேண்டாம். சர்க்கரை, கல்லீரல், ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம் நான்கையும் பார்க்க வேண்டிய நேரம் இது.

கணையம் என்ன வேலை செய்கிறது?

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு. பெரியவர்களுக்கு 12 முதல் 15 செ.மீ. நீளம், 100 கிராமுக்கு உட்பட்ட எடை. அதன் பெரும்பகுதி செரிமான நொதிகளைச் சுரக்கிறது. அந்தத் திசுவுக்கு நடுவே சின்னச் சின்னத் தீவுகளாக இருக்கும் செல் கூட்டங்கள்தான் இன்சுலினைச் சுரப்பவை. மொத்தக் கணையத்தில் அவற்றின் பங்கு நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். அதாவது உடலின் சர்க்கரைக் கட்டுப்பாடு முழுவதும் ஓரிரு கிராம் திசுவை நம்பி இருக்கிறது. அதைச் சுற்றிக் கொழுப்பு சேர்வது ஏன் கவலைக்குரியது என்பதற்கு இதுவே பாதிப் பதில்.

கொழுப்பு அங்கே எப்படிப் போகிறது?

தேவைக்கு மேல் சாப்பிட்டதை உடல் முதலில் தோலுக்கடியில் சேர்க்கும். அதுதான் அதற்குரிய, பெரும்பாலும் கெடுதல் இல்லாத இடம். அந்தக் கொள்ளளவு ஆளுக்கு ஆள் மாறும். அது நிரம்பிய பிறகு குடலைச் சுற்றி, கல்லீரலுக்குள், தசைக்குள், கணையத்துக்குள் என்று கொழுப்பு வழிகிறது. கணையத்தில் இரண்டு விதமாகச் சேரும். நொதி சுரக்கும் திசுக்களுக்கு இடையே கொழுப்புச் செல்களே குடியேறுவது ஒன்று. கணையச் செல்களுக்குள்ளேயே கொழுப்புத் துளிகள் தேங்குவது இன்னொன்று.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. பருமனானவர்களின் கணையத்தில் சராசரியாக 17 சதவீதமும், ஒல்லியானவர்களிடம் 9 சதவீதமும் கொழுப்பு இருப்பதைப் பிரேதப் பரிசோதனையின் வழியாக ராபர்ட் ஓகில்வி 1933-லேயே எழுதிவிட்டார். ஸ்கேன் வசதி பெருகியதால்தான் இன்று அடிக்கடி கண்ணில் படுகிறது.

நம்மவர்களுக்கு அந்தத் தோலடிக் கொள்ளளவு குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழு பிறந்த குழந்தைகளை அளந்தபோது சராசரி எடை 2.7 கிலோ, ஒப்பிட்ட இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. எடையில் இவ்வளவு சிறியதாக இருந்தும், தசை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை. ‘ஒல்லி உடம்பில் கொழுப்பு’ என்று அந்த உடலமைப்பைச் சொல்வார்கள்.

என் மகன் அப்படி ஒன்றும் குண்டு இல்லையே?

எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். பெரியவர்களில் இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன். உலக அளவில் சொல்லப்படும் 25, 30 என்ற கணக்கு நமக்குப் பொருந்தாது. 5 முதல் 18 வயது வரை இந்த எண்களை அப்படியே போடக் கூடாது. இந்தியக் குழந்தை மருத்துவ அகாடமி 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில் வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற கோடுகள் உண்டு. அதில் குறித்துக் காட்டும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டில் செய்ய எளிய வழி இடுப்பளவு. சட்டையைத் தூக்கி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். இயல்பாக மூச்சை விட்ட நிலையில், டேப் சதையில் அழுந்தாமல் அளக்க வேண்டும். பேன்ட் கட்டும் இடத்தில் அளந்தால் தொப்பைக்குக் கீழே போய்விடும், அளவு குறைத்துக் காட்டும். இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும்: 160 செ.மீ. உயரம் என்றால் 80-க்குள்.

பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்த கருமை இருக்கிறதா என்றும் பாருங்கள். அழுக்கு என்று தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும் பிள்ளைகள் நிறையப் பேர். அது அழுக்கு இல்லை. ரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதற்கான அடையாளம்.

கணையத்தில் எவ்வளவு கொழுப்பு இருந்தால் அதிகம்?

எம்.ஆர்.ஐ. மூலம் அளந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் 6.2 சதவீதம் என்ற எல்லை கிடைத்தது. பெரியவர்களை வைத்து வந்த எண் அது. சாதாரண வயிற்று ஸ்கேனில் சதவீதம் சொல்ல முடியாது. வாயு மறைக்கும், வயிற்றுக் கொழுப்பு மறைக்கும், பார்ப்பவரைப் பொறுத்தும் மாறும். கணையத்தோடு ஒப்பிடக் கல்லீரலை எடுத்துக்கொண்டால், கல்லீரலே கொழுப்பேறி வெளுத்திருக்கும்போது ஒப்பீடு தவறிப்போகும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் சிறுநீரகத்தோடு ஒப்பிடுகிறார்கள். ஆறு மணி நேரமாவது வெறும் வயிற்றோடு போனால் படம் ஓரளவு தெளிவாகக் கிடைக்கும்.

இதை உறுதிப்படுத்த என்று எம்.ஆர்.ஐ. எடுக்கத் தேவையில்லை, அந்த எண் கிடைத்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. சி.டி. ஸ்கேன் இதற்காக எடுக்கவே கூடாது, வளரும் உடலுக்குக் காரணமில்லாத கதிர்வீச்சு அது.

இதனால் சர்க்கரை நோய் வருமா?

இதுதான் முக்கியமான கேள்வி. கணையத்தில் கொழுப்பு உள்ளவர்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய், கொழுப்புக் கல்லீரல், உயர் ரத்த அழுத்தம் எல்லாம் அதிகம் காணப்படுகின்றன. தேங்கிய கொழுப்பிலிருந்து வெளியாகும் கொழுப்பு அமிலங்கள் இன்சுலின் செல்களைச் சோர்வடையச் செய்கின்றன, சுற்றிலும் மெல்லிய அழற்சி இருந்துகொண்டே இருக்கிறது என்பது விளக்கம். கணையக் கொழுப்புதான் நேரடிக் காரணமா, அல்லது உடல் பருமன் இரண்டையும் சேர்த்துக் கொண்டுவருகிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் விவாதம் உண்டு. எப்படியானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

நியூகாசிலைச் சேர்ந்த பேராசிரியர் ராய் டெய்லர் 2008-இல் இதை இரட்டைச் சுழலாக விளக்கினார். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தால் அது இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் சர்க்கரையை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதை அடக்கக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கும். கூடுதல் இன்சுலின் கல்லீரலில் இன்னும் கொழுப்பைச் சேர்க்கும். அங்கிருந்து ரத்தம் வழியாகக் கிளம்பும் கொழுப்பு கணையத்துக்கும் போய், அங்கே இன்சுலின் சுரப்பைக் குறைக்கும். ஒரு சுழல் இன்னொன்றைத் தள்ளிவிடுகிறது.

இளையவர்கள் விஷயத்தில் நேரம் குறைவு. பருவமடையும் வயதில் எல்லாப் பிள்ளைகளுக்குமே இன்சுலினின் வேகம் இயல்பாகக் குறையும். கணையம் கூடுதலாக உழைத்து ஈடுகட்டும். பருமனும் அதோடு சேர்ந்தால் சுமை இரட்டிப்பு. இந்த வயதில் டைப் 2 வந்துவிட்டால் இன்சுலின் சுரப்பு பெரியவர்களைவிட வேகமாகச் சரிகிறது. 10 முதல் 17 வயதுக்குள் டைப் 2 கண்டறியப்பட்ட அமெரிக்கப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ‘டுடே’ ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. அவர்களின் சராசரி வயது 26 ஆனபோதே, கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றில் ஒன்றிலாவது பாதிப்பு 60 சதவீதம் பேருக்கு வந்திருந்தது. நாற்பதில் சர்க்கரை வந்த தாத்தா எழுபது வரை சமாளித்ததை வைத்து, பதினைந்தில் வருவதை எடைபோடக் கூடாது.

தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023 ஆய்வு சொல்கிறது. வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைக்குப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

என்னென்ன பரிசோதனைகள் செய்ய வேண்டும்?

எடை அதிகமாக இருந்து, குடும்பத்தில் சர்க்கரை, கழுத்துக் கருமை, சினைப்பை நீர்க்கட்டி, ரத்த அழுத்தம் இவற்றில் ஒன்றாவது இருந்தால், 10 வயதிலிருந்து அல்லது பருவமடைதல் தொடங்கியதிலிருந்து, எது முந்தியோ அப்போதே பார்க்க வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 மி.கி. வரை, அல்லது எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 5.7 முதல் 6.4 வரை இருந்தால் முன் சர்க்கரை நிலை. சர்க்கரை 126-ஓ அதற்கு மேலோ, அல்லது எச்பிஏ1சி 6.5-ஓ அதற்கு மேலோ என்றால் சர்க்கரை நோயின் அளவு. தொந்தரவு எதுவும் இல்லாவிட்டால் இன்னொரு முறை பார்த்து உறுதிசெய்வார்கள். ரத்தசோகை உள்ள பெண் பிள்ளைகளுக்கு எச்பிஏ1சி தவறாகக் காட்டக்கூடும். அவர்களுக்குக் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனை நம்பகமானது: கிலோவுக்கு 1.75 கிராம், அதிகபட்சம் 75 கிராம் குளுக்கோஸ். முடிவு 140-க்குக் கீழே இருக்க வேண்டும், 200 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய்.

இதோடு வெறும் வயிற்றில் டிரைகிளிசரைடு உள்ளிட்ட ரத்தக் கொழுப்பு, எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), ரத்த அழுத்தம். எஸ்ஜிபிடியில் ஒரு எச்சரிக்கை: லேப் ரிப்போர்ட்டில் 40 வரை நார்மல் என்று அச்சாகியிருக்கும். பிள்ளைகளுக்கான எல்லை அதைவிடக் குறைவு, ஆண் பிள்ளைக்கு 26, பெண் பிள்ளைக்கு 22. குறட்டை விட்டுத் தூங்கி, பகலில் தூங்கி வழிந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அமைலேஸ், லைப்பேஸ் என்ற கணைய நொதிகளின் அளவை ரத்தத்தில் பார்க்க வேண்டாமா? செரிமான நொதி மாத்திரை தேவையா?

வலி இல்லாதவருக்கு இரண்டும் தேவையில்லை. கணையத்துக்குக் கையிருப்பு மிக அதிகம். நொதிச் சுரப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்த பிறகே கொழுப்பு செரிக்காமல் மலம் எண்ணெய்ப் பிசுக்காகப் போகும். கொழுப்புப் படிவால் மட்டும் அந்த நிலை வருவது அரிது.

கணைய அழற்சி வந்துவிடுமா?

கணையக் கொழுப்பைவிட அதோடு கூடவே இருக்கும் இரண்டு விஷயங்கள்தான் இங்கே ஆபத்து. டிரைகிளிசரைடு 1000 மி.கி.யைத் தாண்டினால் அதுவே அழற்சியைத் தூண்டும். உடல் பருமனில் பித்தப்பைக் கல்லும் அதிகம். கல் நழுவிக் கணையக் குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும். மதுவும் புகையும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. பருமனானவருக்கு அழற்சி வந்தால் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம். கணையத்திலிருந்து கசியும் லைப்பேஸ் சுற்றியுள்ள கொழுப்பைச் சிதைத்து, அதில் வெளியாகும் அமிலங்கள் திசுவை அழிப்பதுதான் காரணம்.

மேல்வயிற்றில் விடாத கடும் வலி, முதுகுக்குப் பரவுவது, நிற்காத வாந்தி, குனிந்து உட்கார்ந்தால் சற்றுக் குறைவது: இப்படி இருந்தால் கேஸ் என்று சோடா குடிக்க வைத்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அதிகத் தாகம், இரவில் பலமுறை சிறுநீர், முயற்சி இல்லாமலே எடை குறைவது, மூச்சு வாங்குவது ஆகியவையும் அதே அவசரம்.

கணையப் புற்றுநோய் பயம்?

இஸ்ரேலில் ராணுவ சேவைக்கு முன் 16 முதல் 19 வயதில் அளக்கப்பட்ட சுமார் 18 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். இளமையில் உடல் பருமன் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் ஆபத்து ஏறக்குறைய நான்கு மடங்கு என்று 2018-இல் வெளியான முடிவு சொன்னது. இந்த ‘நான்கு மடங்கு’ மட்டும் வாட்ஸ்அப்பில் சுற்றினால் குடும்பமே தூங்காது. அந்த 18 லட்சம் பேரில் மொத்தமாகப் புற்றுநோய் வந்தவர்கள் 551 பேர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். இளையவருக்கு இதற்காகத் தனிப் பரிசோதனை எதுவும் தேவையில்லை.

சேர்ந்த கொழுப்பு குறையுமா?

குறையும். ராய் டெய்லர் குழு 2011-இல், சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கு நாளுக்குச் சுமார் 600 கிலோகலோரி உணவை 8 வாரம் கொடுத்தது. கணையக் கொழுப்பு 8 சதவீதத்திலிருந்து 6.2-க்கு இறங்கியது, இன்சுலின் சுரப்பு திரும்பியது. பிறகு நடந்த ‘டைரெக்ட்’ ஆய்வில் ஓர் ஆண்டு முடிவில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமல் சர்க்கரை நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம்.

இந்த உணவுமுறையை வளரும் பிள்ளைக்கு வீட்டில் செய்து பார்க்கவே கூடாது. எலும்பும் தசையும் உயரமும் பாதிக்கும். பட்டினி கிடந்து வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால் பித்தப்பையில் கல் சேரும், அழற்சிக்கு நாமே வழி திறந்துவிட்டதாக ஆகும்.

எவ்வளவு எடை குறைக்க வேண்டும்?

உயரம் இன்னும் கூடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, பருமன் மிதமாக இருந்தால், எடை ஏறாமல் நின்றாலே போதும். உயரம் கூடக் கூட பி.எம்.ஐ. தானாக இறங்கும். உயரம் நின்றுவிட்டவர்கள் வாரத்துக்கு அரைக் கிலோ என்ற வேகத்தில், ஆறு மாதத்துக்கு 5 முதல் 10 சதவீதம் என்று இலக்கு வைக்கலாம். 80 கிலோ என்றால் 4 முதல் 8 கிலோ. தினமும் எடை பார்க்காதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை எடை, மாதத்துக்கு ஒருமுறை இடுப்பளவு. உள்ளுறுப்புக் கொழுப்பு கரைவதை இடுப்பு டேப் முதலில் காட்டும்.

சாப்பாட்டில் எதை மாற்றுவது?

முதலில் குடிக்கும் சர்க்கரை. மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் இதை விடாதீர்கள். கல்லீரலுக்குக் கொழுப்பு சேர்க்க இதைவிடக் குறுக்குவழி இல்லை. இனிப்பில் உள்ள ஃப்ரக்டோஸின் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும்தான் கையாளப்படுகிறது, மிஞ்சியது அங்கேயே கொழுப்பாகிறது. ஒரு டீஸ்பூன் சர்க்கரை 5 கிராம். நாளுக்கு மூன்று டீ, தலா இரண்டு ஸ்பூன் என்றால் 30 கிராம். டியூஷன் முடிந்து ஒரு 250 மி.லி. கூல்டிரிங்க் குடித்தால் இன்னொரு 25 கிராம். உலக சுகாதார நிறுவனம் நல்லது என்று சொல்லும் அளவோ நாள் முழுவதற்கும் சுமார் 25 கிராம். ரோஸ் மில்க், பாட்டில் ஜூஸ், சத்துமாவு பானம், வீட்டில் பிழிந்த ஜூஸ் எல்லாம் இதே கணக்கில் வரும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாற்றினாலும் கணையத்துக்கு வித்தியாசம் தெரியாது. மோர், தண்ணீர், சர்க்கரை இல்லாத எலுமிச்சைச் சாறு, முழுப் பழம் போதும்.

அடுத்தது தட்டு. 100 கிராம் சோறு 130 கிலோகலோரி. குவித்துப் போட்ட ஒரு தட்டு எளிதாக 400 கிராம் வரும், அதில் மாவுச்சத்து மட்டும் 110 கிராம். சோறு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பாதித் தட்டு பொரியல், கூட்டு, கீரை. கால் தட்டு சோறு. மீதிக் கால் முட்டை, மீன், கோழி, கெட்டிப் பருப்பு, சுண்டல். சாம்பாரைப் புரதம் என்று எண்ணிக்கொள்வது நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. ஒரு கரண்டி சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீரே அதிகம். இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம். முதலில் காய், பிறகு புரதம், கடைசியில் சோறு என்ற வரிசையில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும்.

சிறுதானியம் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. கம்பும் ராகியும் எடைக்கு எடை அரிசிக்கு நிகரான கலோரிதான். நார்ச்சத்து அதிகம், அது நல்லது. ஆனால் அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் அந்த லாபமும் பெருமளவு போய்விடும். எண்ணெய் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்று அளந்து வாங்குங்கள். நாலு பேர் வீட்டில் இரண்டு லிட்டரைத் தாண்டுகிறதா என்று பார்த்தாலே விஷயம் புரியும். பப்ஸ், சமோசா, பரோட்டா, ஷவர்மா முழுவதும் தடை என்றால் பிள்ளை ஒளித்துச் சாப்பிடும். வாரம் ஒருமுறை என்று ஒப்பந்தம் போடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் அதே ஒப்பந்தம்.

உடற்பயிற்சி எவ்வளவு?

5 முதல் 17 வயது வரை தினம் 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு. வாரத்தில் மூன்று நாளாவது தண்டால், உட்கார்ந்து எழுதல், படியேறுதல் போன்ற தசைப் பயிற்சி. 18-க்கு மேல் வாரம் 150 முதல் 300 நிமிடம். ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. பொதுத்தேர்வு வருடத்தில் விளையாட்டை நிறுத்திவிடும் வழக்கத்தாலும் எடை ஏறுகிறது. அந்த வருடத்துக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிட நடை சர்க்கரையை நன்றாக இறக்கும். 13 முதல் 18 வயதுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கமும் இதில் சேர்த்தி.

மாத்திரை, ஊசி, நாட்டு மருந்து?

கணையக் கொழுப்புக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. ‘கணையத்தைச் சுத்தம் செய்யும்’ ஜூஸ், பொடி எதையும் வாங்காதீர்கள். டைப் 2 உறுதியானால் 10 வயதிலிருந்து மெட்ஃபார்மின் கொடுப்பார்கள். லிராகுளுடைடு, செமாகுளுடைடு ஊசிகளை 12 வயது முதல் உடல் பருமனுக்குப் பயன்படுத்த அமெரிக்காவில் அனுமதி உண்டு. முன்பு கணைய அழற்சி வந்தவருக்கு இவை பொதுவாக ஏற்றவை அல்ல. நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் ஜிம்மிலோ ஆன்லைனிலோ வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து.

பருமனே இல்லாத பிள்ளைக்கு வந்தால்?

அப்போது வேறு காரணம் தேட வேண்டும்: நீண்ட நாள் ஸ்டீராய்டு, மது, அல்லது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், ஷ்வாக்மன்–டயமண்ட் போன்ற அரிய பரம்பரை நோய்கள். எடை ஏறாமல், அடிக்கடி சளி பிடித்து, மலம் எண்ணெயாகப் போகும் குழந்தையைக் குழந்தைகளுக்கான இரைப்பைக் குடல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மறுபடி ஸ்கேன் எப்போது?

கணையத்துக்காக என்று திரும்ப எடுக்க வேண்டாம். ஒரே பிள்ளைக்கு இரண்டு சென்டரில் இரண்டு விதமாக வரும், வீண் பதற்றம்தான் மிச்சம். இடுப்பளவு, எடை, ரத்த அழுத்தம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. முன் சர்க்கரை நிலையோ எஸ்ஜிபிடி உயர்வோ இருந்தால் ரத்தப் பரிசோதனை மூன்று முதல் ஆறு மாதத்தில். முதல் முடிவுகள் எல்லாம் சரியாக இருந்தாலும், எடை குறையாத வரை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. எஸ்ஜிபிடியும் டிரைகிளிசரைடும் இறங்கி, இடுப்பும் குறைந்தால், உள்ளுறுப்புகளிலிருந்து கொழுப்பு வெளியேறத் தொடங்கிவிட்டது என்று நம்பலாம்.